கறுப்பு இல்லாத கரும்பொருள்

காது கேளாதவர்களுக்குள் ஒவ்வொருவருக்கும் ஒரு சைகைப் பெயர் உண்டு. பள்ளிக்கூடத்தில் கொடுத்த பெயரோ அரசாங்கப் பதிவில் இருக்கும் பெயரோ அங்கே செல்லாது. ஆளைப் பார்த்ததும் எது கண்ணில் படுகிறதோ அதுதான் பெயர். இந்தக் கதைக்கு உரியவளின் முகவாயில் மிளகு அளவுக்கு ஒரு மச்சம். ஆள்காட்டி விரலால் முகவாயைத் தொட்டுக் காட்டினால் அவளைத்தான் சொல்கிறார்கள் என்று அவர்களுடைய சங்கத்தில் எல்லோருக்கும் தெரியும். நாமும் அவளை மச்சக்காரி என்றே வைத்துக்கொள்வோம். அந்தச் சொல்லுக்கு அதிர்ஷ்டக்காரி என்றும் பொருள் உண்டல்லவா? "ஆமா, பெரிய அதிர்ஷ்டத்தைக் கண்டுட்டேன்" என்று அவள் பல வருஷம் சலித்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும். அப்பா, அம்மா இருவருக்கும்தான் கேட்காது. அப்பா தையல்காரர். முன்னறையில் கடை, பின்னறையில் குடும்பம். வாசலில் யாராவது பொத்தானை அழுத்தினால் உள்ளே மணி அடிக்காது, விளக்கு மினுக்கும். மச்சக்காரி ரேடியோவை எவ்வளவு சத்தமாக வைத்தாலும் வீட்டில் கேள்வி கேட்க ஆளில்லை. பக்கத்து வீட்டுக்காரர்தான் சண்டைக்கு வருவார். அந்தச் சண்டையையும் அவளே அப்பாவுக்கு மொழிபெயர்க்க வேண்டும். "உங்க பொண்ணு ரேடியோவைக் கொஞ்சம் குறைச்சு வெக்கட்டும்னு சொல்றார்" என்பதை அவள் "நல்லா இருக்கீங்களான்னு கேக்கறார்" என்று மாற்றிச் சொல்லிப் பார்த்ததுண்டு. அப்பா அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "இவ்ளோ கோவமாவா நலம் விசாரிப்பார்?" என்று கேட்டார். முகத்தைப் படிக்கிறவர்களிடம் பொய் சொல்லிப் பிழைக்க முடியாது.

கைப்பேச்சை எழுத்தில் கொண்டுவரும்போது வாய்ப்பேச்சு மாதிரிதான் எழுத வேண்டியிருக்கிறது. அதிலிருக்கும் புருவமும் தோளும் காகிதத்துக்கு வராது. வாசிப்பவர்கள் கொஞ்சம் சேர்த்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெரியவளானதும் அதுவே அவளுக்கு வேலையாயிற்று. ஆஸ்பத்திரி, நீதிமன்றம், காவல் நிலையம், வங்கி என்று எங்கே காது கேளாத ஒருவர் வந்து நின்றாலும் அவளைக் கூப்பிடுவார்கள். அவளும் போய் அவர்களுக்கு எதிரே நின்று, பேசுகிறவர்களின் வார்த்தையைக் கையால் சொல்வாள், கையின் வார்த்தையை வாயால் சொல்வாள். கட்டி என்று டாக்டர் சொன்னதைச் சொல்வாள். நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்பதைச் சொல்வாள். பிரிந்து போகலாம் என்று கணவன் சொன்னதை மனைவிக்குச் சொல்வாள். நல்ல செய்திக்கு யாரும் மொழிபெயர்ப்பாளரைத் தேடுவதில்லை. குழந்தை பிறந்தால் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வார்கள். இடி விழுகிற மாதிரி ஏதாவது இருந்தால்தான் இவள் வேண்டும். சில வீடுகளில் இவள் வாசலில் நின்றாலே அந்த அம்மாக்கள் முந்தானை நுனியை வாயில் வைத்துக்கொள்வார்கள். அவள் இன்னும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டாள்.

அப்படி இருந்தவளை விண்மீன்களுக்குக் கூட்டிக்கொண்டு போனவர் ராட்டினக்காரர்.

ஊரின் பொழுதுபோக்குப் பூங்காவில் சங்கிலி ராட்டினம் ஓட்டுபவர் அவர். நடுவில் ஒரு தூண், மேலே குடை மாதிரி ஒரு தட்டு, தட்டிலிருந்து சங்கிலிகளில் தொங்கும் நாற்காலிகள். தட்டு சுற்றச் சுற்ற நாற்காலிகள் வெளிப்பக்கமாக வீசி எழும்பும். பிள்ளைகள் அலறும் அலறல் அவருக்குக் கேட்காது. அதனால்தான் இத்தனை வருஷம் தலைவலி இல்லாமல் அந்த வேலையைப் பார்க்க முடிகிறது என்பார். மச்சக்காரியின் அப்பாவுக்குச் சங்கத்துச் சேக்காளி. எதையும் ஒருமுறை சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார்.

ஒருநாள் அவர் அறிவியல் மையத்தின் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்துவிட்டுச் சங்கத்துக்கு வந்தார். விண்மீன் மண்டலங்களைப் பற்றி, சனிக்கிழமை மத்தியானங்களில், பொதுமக்களுக்கான சொற்பொழிவுத் தொடர். யார் வேண்டுமானாலும் வரலாமாம்.

"நாமளும் யார் வேணும்னாலும்தானே? மச்சக்காரி வந்து சொல்லட்டும், நான் போறேன்" என்றார்.

சங்கத்தில் ஒரே சிரிப்பு. "வானத்தைப் பத்தித் தெரிஞ்சு நீ என்ன பண்ணப் போறே?" என்றார் ஒருவர்.

"ஒண்ணும் பண்ணப் போறதில்ல. இதுவரைக்கும் எனக்குச் சொன்னதெல்லாம் நான் ஏதாவது பண்ண வேண்டியதுதான். மாத்திரை சாப்பிடு, இங்க கையெழுத்துப் போடு, அங்க போய் நில்லு. ஒண்ணும் பண்ண வேண்டாத ஒரு சமாச்சாரம் எனக்கு வேணும்."

மச்சக்காரி தயங்கினாள். அவள் பள்ளிக்கூடத்தில் அறிவியலைக் கண்டால் காத தூரம் ஓடியவள். "எனக்கே புரியாததை நான் எப்படிப்பா சொல்றது?" என்று வீட்டில் அப்பாவிடம் கேட்டாள்.

அப்பா பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த சட்டையை மடியில் வைத்துவிட்டு, "அம்மாவுக்கு உடம்பு முடியாதப்ப டாக்டர் சொன்னதைச் சொன்னியே, அப்ப நீ டாக்டருக்கா படிச்சிருந்தே?" என்றார்.

அப்போது அவள் பள்ளிச் சீருடையில் இருந்தாள். டாக்டர் சொன்னதில் பாதி அவளுக்குப் புரியவில்லை. ஆனாலும் சொன்னாள். அம்மா அதைப் புரிந்துகொண்டு, மருந்து சாப்பிட்டு, அதற்குப் பிறகு நெடுங்காலம் இருந்தாள். அப்பாவிடம் பேசி ஜெயிக்க முடியாது. போகிறேன் என்றாள்.

முதல் சொற்பொழிவு மொத்தமாகச் சொதப்பியது. விரிவுரையாளர் பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்தார். ஒல்லியான மனிதர், பேச ஆரம்பித்தால் மேடையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பார். வணக்கம் சொல்லிவிட்டு, முதல் படத்தைப் போடுவதற்காக விளக்குகளை அணைக்கச் சொன்னார். அரங்கம் கும்மிருட்டானது. மச்சக்காரியின் கைகள் அந்த இருட்டில் காணாமல் போயின. காதுள்ளவர்களுக்கு இருட்டு ஒரு பொருட்டே இல்லை. காது கேளாதவர்களுக்கு விளக்கு அணைந்தால் பேச்சும் அணைந்துவிடும். சிறிது நேரம் பொறுத்துப் பார்த்த ராட்டினக்காரர் தரையில் உதைக்க ஆரம்பித்தார். அப்பாவும் சேர்ந்துகொண்டார். மரத்தளம் அதிர்ந்தது. நிலநடுக்கமோ என்று முன்வரிசையில் ஒரு அம்மாள் எழுந்தே விட்டார்.

விளக்கு போடப்பட்டது. விஷயம் தெரிந்ததும் விரிவுரையாளர் தலையில் கைவைத்துக்கொண்டார். அலுவலக அறையிலிருந்து மேசை விளக்கு ஒன்று வந்தது. அதை அவள் கைகளின் மேல் திருப்பி வைத்தார்கள். அடுத்த வாரத்துக்குள் அப்பா அவளுக்குக் கருநீலத்தில் கழுத்து மூடிய ஒரு மேலங்கி தைத்துவிட்டார். பூப்போட்ட துணிக்கு முன்னால் கையை ஆட்டினால் பார்ப்பவர் கண் வலிக்கும், கை எடுப்பாகத் தெரிய வேண்டுமானால் பின்னால் ஒரே நிறம் இருக்க வேண்டும் என்பது அவருடைய தொழில் சுத்தம்.

இரண்டாம் சனிக்கிழமைதான் கதை சூடு பிடித்தது. விரிவுரையாளர் அன்று சுழற்சியைப் பற்றிப் பேசினார். சூரியனைச் சுற்றும் கோள்களில் கிட்டே இருப்பது வேகமாகப் போகும், எட்ட இருப்பது மெதுவாகப் போகும். எடையெல்லாம் நடுவில் சூரியனிடம் இருக்கிறது, தள்ளிப் போகப் போக இழுப்பு குறைகிறது, அதனால் அப்படி. விண்மீன் மண்டலத்திலும் ஒளியில் பெரும்பகுதி நடுவில்தான். ஆகவே ஓரத்து விண்மீன்கள் மெதுவாகத்தான் போக வேண்டும். ஆனால் அளந்து பார்த்தபோது, ஓரத்தில் இருப்பவையும் உள்ளே இருப்பவற்றுக்குச் சளைக்காத வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன.

"கண்ணுக்குத் தெரியற விண்மீன், வாயு எல்லாத்தோட எடையையும் கூட்டிப் பார்த்தாச்சு. அந்த இழுப்பு பத்தாது. இந்த வேகத்துக்கு ஓரத்துல இருக்கற விண்மீனெல்லாம் பிய்ச்சுக்கிட்டுப் போயிருக்கணும். போகலை" என்றார் விரிவுரையாளர்.

மச்சக்காரியின் கை இதைச் சொல்லி முடிப்பதற்குள் ராட்டினக்காரர் எழுந்துவிட்டார். உடம்பே கேள்வியாக நின்றது. "அப்ப சங்கிலி எங்க?"

அவள் அதை வாயால் சொன்னாள். விரிவுரையாளர் நடையை நிறுத்தினார். "யாருங்க கேட்டது? அதேதாங்க கேள்வி! சங்கிலி எங்க? எல்லாரும் அதைத்தான் தேடிட்டிருக்கோம். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒண்ணு, நாம பார்க்கற பொருளைப் போல அஞ்சாறு மடங்கு, எல்லா இடத்துலயும் இருந்து இழுத்துப் பிடிச்சிருக்கு. அதுக்குப் பேரு டார்க் மேட்டர். தமிழ்ல கரும்பொருள்."

மொழிபெயர்ப்பில் யோசிக்க நேரம் கிடையாது. ஒரு சொல்லுக்கு நின்றால் அடுத்த வாக்கியம் தலைக்கு மேல் போய்விடும். அவள் கறுப்புக்கான சைகையையும் பொருளுக்கான சைகையையும் அடுத்தடுத்துப் போட்டாள். ராட்டினக்காரர் பரம திருப்தியோடு உட்கார்ந்தார். அந்த வாரம் சங்கத்தில் அவர் பேச்சை நிறுத்தவே இல்லை. அவர் விளக்கியதைப் பார்த்து, மூன்றாம் சொற்பொழிவுக்குப் புதிதாக ஒரு வரிசையே நிரம்பியது.

அந்த மூன்றாம் சொற்பொழிவில்தான் தப்பு நடந்தது. திரையில் ஒரு விண்மீன் மண்டலத்தின் படம். பக்கவாட்டில் பார்த்தது, ஒரு தட்டை விளிம்புப் பக்கமிருந்து பார்க்கிற மாதிரி. பளபளவென்று ஒளிர்ந்த அதன் நடுவில் குறுக்கே ஒரு கறுப்புப் பட்டை. ராட்டினக்காரர் முகம் மலர எழுந்து, அந்தப் பட்டையைக் காட்டி, சங்கத்து ஆட்களைத் திரும்பிப் பார்த்து, பிறகு விரிவுரையாளரைப் பார்த்துச் சொன்னார். மச்சக்காரி அதைக் குரலாக்கினாள்.

"இதோ இருக்கே சங்கிலி! நல்லா கறுப்பா தெரியுதே, இதையா தேடறீங்க?"

முன்வரிசையில் சிரித்தார்கள். பொல்லாத சிரிப்பில்லை. ஆனாலும் சிரிப்பு. விரிவுரையாளரும் சிரித்தபடியே, "அது சும்மா தூசிங்க. அது இல்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார்.

சிரிப்பைப் பார்க்கக் காது வேண்டியதில்லை. ராட்டினக்காரர் சற்று நேரம் நின்றார். பிறகு வரிசையில் இருந்தவர்களின் முழங்கால்களைத் தாண்டிக்கொண்டு வெளியே போனார். அவர் பின்னாலேயே அந்தப் புதிய வரிசையும் எழுந்து போனது. அப்பா மட்டும் இருந்தார். அவள் மீதிச் சொற்பொழிவை அப்பா ஒருவருக்காகவே சொல்லி முடித்தாள்.

பேருந்தில் திரும்பும்போது அப்பா சொன்னார்: "நீ கறுப்புன்னு சொன்னே. அவன் கறுப்பைக் காட்டினான். இதுல அவன் தப்பு எங்க?"

வாரம் பிறந்ததும், மதியத்துக்கு மேல் நீதிமன்ற வேலை இல்லாத ஒரு நாளில், பல்கலைக்கழகத்துக்குப் போய் விரிவுரையாளரின் அறைக் கதவைத் தட்டினாள். அறையில் இரண்டு நாற்காலிகள். இரண்டிலும் புத்தகங்கள். அவர் ஒன்றைக் காலி செய்து கொடுத்துவிட்டுத் தான் மேசை விளிம்பில் சாய்ந்துகொண்டார்.

"சார், அந்தக் கரும்பொருள் கறுப்பா இருக்குமா?"

"இருக்காதுங்க."

"பின்னே?"

"கறுப்புன்னா வெளிச்சத்தை முழுங்கணும். அந்தப் படத்துல பார்த்த தூசி அப்படித்தான் முழுங்குது, அதான் கறுப்பா தெரியுது. இது முழுங்காது. திருப்பியும் அனுப்பாது. தானும் ஒளி விடாது. வெளிச்சம் அதுபாட்டுக்கு அதுக்குள்ள புகுந்து போயிட்டே இருக்கும். நல்லா துடைச்ச கண்ணாடின்னு சொல்லலாம், ஆனா கண்ணாடியில கூட லேசா நம்ம முகம் தெரியும். இதுல அதுவும் கிடையாது."

"அப்படீன்னா ஏன் சார் அந்தப் பேரு?"

அவர் பிடரியைத் தடவினார். "தெரியாததுக்கெல்லாம் இருட்டுன்னு பேர் வெக்கறது ஒரு பழக்கமாயிடுச்சு. நானும் அதையே சொல்லிச் சொல்லி... அவர் தூசியைக் காட்டினது நான் சொன்ன பேராலதான்."

"என்னோட சைகையாலயும்தான் சார்."

"நான் சிரிச்சிருக்கக் கூடாது" என்றார் அவர். "அவரை எங்க பார்க்கலாம்? வாங்க, ரெண்டு பேருமா போவோம்" என்று சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

மறுநாள் காலையில் பூங்கா திறப்பதற்கு முன்னால் போனார்கள். ராட்டினக்காரர் ஏணியில் நின்று சங்கிலிக் கண்ணிகளை ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்து, விரலால் நெருடிப் பார்த்துக்கொண்டிருந்தார். வந்தவர்களைப் பார்த்தார். பார்க்காத மாதிரி வேலையைத் தொடர்ந்தார். காது கேளாதவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அதற்கு மேல் பேச வழியே இல்லை. காத்திருந்தார்கள். கடைசிச் சங்கிலியும் முடிந்து இறங்கி வந்தவர், வெளி வரிசையில் ஒரு நாற்காலியைக் காட்டினார்.

"பேசறதுக்கு முன்னாடி அவரை அதுல உக்காரச் சொல்லு, தங்கச்சி."

"அண்ணே, அவர் பெரிய படிப்பு படிச்சவரு..."

"நாற்காலிக்குப் படிப்பெல்லாம் தெரியாது. உக்காரச் சொல்லு."

விரிவுரையாளர் மறுபேச்சு பேசாமல் போய் உட்கார்ந்து, குறுக்குக் கம்பியைப் போட்டுக்கொண்டார். ராட்டினம் கிளம்பியது. முதலில் மெதுவாக, பிறகு வேகமாக. காலியான நாற்காலிகளுக்கு நடுவே அவர் ஒருவர் மட்டும் வெளிப்பக்கமாக வீசி எழும்பினார். மூக்குக்கண்ணாடியை ஒரு கையாலும் கம்பியை ஒரு கையாலும் பிடித்துக்கொண்டு ஏதோ கத்தினார். "என்ன சொல்றார்?" என்று ராட்டினக்காரர் கேட்டார். "போதும்கறார்" என்றாள் அவள். "நல்லா கேட்டுச் சொல்லு, இன்னும்னு சொல்றாரோ என்னவோ" என்றார். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

இறங்கியபோது விரிவுரையாளரின் முகம் வெளுத்துப் போயிருந்தது. படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டார்.

"இப்பச் சொல்லுங்க. சங்கிலி இல்லேன்னா என்ன ஆயிருப்பீங்க?"

"வேலிக்கு அந்தப் பக்கம் போய் விழுந்திருப்பேன்."

"அதைத்தானே கேட்டேன். அதுக்கா சிரிப்பு?"

"தப்புங்க" என்றார் விரிவுரையாளர். மச்சக்காரி கையைத் தூக்குவதற்கு முன்பே ராட்டினக்காரர் அந்த முகத்திலிருந்து அதைப் படித்துவிட்டார். துடைக்கும் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவர் பக்கத்திலேயே படியில் உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு பேச்சு நன்றாக நடந்தது. அது கறுப்புப் பட்டை இல்லை, கயிறும் இல்லை என்று விரிவுரையாளர் சொன்னார். விண்மீன் மண்டலம் ஒரு தட்டு மாதிரி சப்பையாக இருக்கிறதே, அதைச் சுற்றி, அதைவிட எத்தனையோ மடங்கு பெரிதாக, உருண்டையாகப் பரவியிருக்கிறது. நடுவில் மட்டும் இல்லாமல் ஓரத்திலும், ஓரத்தைத் தாண்டியும் இருக்கிறது. அதனால்தான் வெளி விண்மீன்களுக்கும் இழுப்பு குறையவில்லை.

ராட்டினக்காரர் தோளிலிருந்த துணியை எடுத்துப் படியில் வைத்தார். "இருட்டுன்னா எங்களுக்கு என்ன தெரியுமா? பேச்சு நின்னு போறது. கரண்ட் போச்சுன்னா நான் என் வீட்டுக்காரி கையைத் தொட்டுத் தொட்டுத்தான் பேசணும். இது வெளிச்சத்தைத் தடுக்காதுன்னா பேச்சையும் தடுக்காது. இதைப் போய் இருட்டுன்னு சொல்றது பாவம்."

பிறகு கையை முன்னால் நீட்டிப் பார்த்தார். இடது கையை விரல் விரித்து நிறுத்தினார். பார்வையைக் குறிக்க எல்லோரும் காட்டும் இரண்டு விரல்களைக் கண்ணிலிருந்து எடுத்து, அந்த விரிந்த விரல்களின் இடுக்கு வழியே, எதிலும் படாமல் கடந்து போகவிட்டார். சற்றுப் பொறுத்து, இரண்டு கைகளையும் பெரிய உருண்டையாக அகட்டி, உள்பக்கமாக மெல்ல இழுத்தார். பார்வை கடந்து போகிறது, ஆனாலும் இழுக்கிறது. மச்சக்காரி அதைத் தன் கையால் செய்து பார்த்தாள். இன்னொரு முறை செய்தாள். விரிவுரையாளரும் முயன்றார். அவருடைய விரல்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. "மோதக் கூடாது, சார். அதான் விஷயமே" என்றாள் அவள்.

கடைசிச் சொற்பொழிவுக்கு எல்லோரும் திரும்பி வந்தார்கள். மேடைக்கு வந்ததும் விரிவுரையாளர் முதல் வேலையாக, போன வாரம் ஒரு நல்ல கேள்விக்குத் தான் சரியான பதில் சொல்லவில்லை என்று சொல்லி, பட்டையாகத் தெரிந்தது தூசி, கரும்பொருளுக்கு நிறமே கிடையாது என்று விளக்கினார். பிறகு அன்றைய பேச்சுக்கு வந்தார். விண்மீன் மண்டலங்கள் எப்படி உண்டாயின?

அன்றைக்கு மச்சக்காரிக்கு ஏதோ நேர்ந்தது. அவர் சொன்னார்: ஆரம்பத்தில் விண்மீன் ஒன்றுகூட இல்லை. எங்கும் ஏறக்குறைய ஒரே சீராக, சூடாகப் பரவியிருந்த பொருள்தான். நாம் எதனால் ஆனோமோ அந்தச் சாதாரணப் பொருள் ஒன்றுசேரப் பார்க்கும். ஆனால் அன்றைய வெளிச்சம் அத்தனை உக்கிரமானது, சேரவிடாமல் தள்ளிக்கொண்டே இருந்தது. கரும்பொருளை வெளிச்சத்தால் ஒன்றும் செய்ய முடியவில்லை. வெளிச்சம் அதன் வழியே கடந்து போயிற்று. ஆகவே அது முந்திக்கொண்டது. கொஞ்சம் கூடுதலாக இருந்த இடங்களில் அது சேர்ந்தது, சேரச் சேர இன்னும் இழுத்தது. பிறகு எல்லாம் குளிர்ந்து வெளிச்சத்தின் பிடி தளர்ந்தபோது, அந்த இடங்களை நோக்கி வாயு சரிந்து விழுந்தது, இறுகியது, தீப்பற்றிக்கொண்டது போல முதல் விண்மீன்கள் எழுந்தன. "அது மட்டும் இல்லேன்னா, வாயு இந்த நேரத்துக்குள்ள இப்படிச் சேர்ந்திருக்காது. விண்மீன் மண்டலம் இல்ல, சூரியன் இல்ல, நாம பேசிட்டிருக்க மாட்டோம்" என்றார்.

அவள் கைகள் அதையெல்லாம் மேசை விளக்கின் வெளிச்சத்தில் சொல்லிக்கொண்டிருந்தன. பரந்து கிடந்ததைப் பரப்பின, சேர்ந்ததைச் சேர்த்தன, சரிந்ததைச் சரித்தன. விண்மீன்கள் எழுந்த இடத்தில் பத்து விரல்களும் ஒன்றன்பின் ஒன்றாக மலர்ந்தன. எதிரே ஒரு வரிசை முகங்கள் அந்த விரல்களோடு சேர்ந்து மலர்வதை அவள் பார்த்தாள். யாரும் முந்தானையை வாயில் வைத்துக்கொள்ளவில்லை. யாரும் அழவில்லை. இத்தனை வருஷத்தில் அந்தக் கைகள் கொண்டுபோன செய்திகளில், யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லாத முதல் செய்தி அது. வாயால் சொல்ல வேண்டியிருந்தால் குரல் தடுமாறியிருக்கும். நல்லவேளை, அன்றைக்கு வேலை கைக்குத்தான்.

பேச்சு முடிந்ததும் ராட்டினக்காரர் எழுந்தார். "எல்லாம் சரி. அது எதால ஆனது?"

"தெரியாதுங்க" என்றார் விரிவுரையாளர்.

ராட்டினக்காரர் கண்ணை இடுக்கினார். "உங்களுக்குத் தெரியாதா, இல்ல எங்களுக்குச் சொன்னாப் புரியாதுன்னு விடறீங்களா?"

இதை வாயால் சொல்லும்போது மச்சக்காரிக்கே சுருக்கென்றது. அங்கே உட்கார்ந்திருந்த ஒவ்வொருவருக்கும் வீட்டிலும் வெளியிலும் இப்படி ஆயிரம் முறை நடந்திருக்கும். எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். என்ன என்று கேட்டால், ஒன்றுமில்லை, அப்புறம் சொல்கிறேன் என்பார்கள். அந்த அப்புறம் வருவதே இல்லை.

விரிவுரையாளர் மேடையிலிருந்து இறங்கி அவருக்கு நேர் எதிரே வந்து நின்றார். "சத்தியமா எனக்கே தெரியாதுங்க. உலகத்துல யாருக்கும் தெரியாது. தேடிட்டிருக்கோம். இழுக்குதுன்னு தெரியும், எவ்வளவுன்னு தெரியும். என்னன்னு தெரியாது." சொல்லிவிட்டுத் தோளைத் தூக்கி, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்தார். அதை மொழிபெயர்க்கத் தேவையே இருக்கவில்லை.

ராட்டினக்காரர் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி விரல்களை ஆட்டினார். அது காது கேளாதவர்களின் கைத்தட்டல். வரிசை முழுக்கக் கைகள் எழுந்தன. பின்னால் இருந்தவர்களும் என்னவென்று தெரியாமலே தூக்கினார்கள்.

கடைசியாக விரிவுரையாளர் நன்றி சொன்னார். மையத்துக்கு, வந்தவர்களுக்கு, அப்புறம், "இந்த மாசம் பூரா என்னை விடக் கஷ்டப்பட்டு நின்னவங்க, நம்ம மொழிபெயர்ப்பாளர். அவங்களுக்கு என்னோட நன்றி."

மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு விதி உண்டு. அவர் 'நான்' என்றால் அது அவர் இல்லை, பேசுகிறவர். நீதிமன்றத்தில் "நான் அவனை அடிக்கவில்லை" என்று அவள் சொல்லியிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் "நான் வருந்துகிறேன்" என்று சொல்லியிருக்கிறாள். இப்போது விரிவுரையாளரின் 'நான்' ஆக நின்று தனக்கே நன்றி சொல்லிக்கொள்ள வேண்டும். கை பாதியில் நின்றுவிட்டது. முன்னால் இருந்தவர்கள் என்ன என்று புருவத்தை உயர்த்தினார்கள்.

அப்பா எழுந்தார். விரிவுரையாளரின் உதட்டிலிருந்து அவர் படித்தாரோ, மகள் முகத்திலிருந்து படித்தாரோ, தெரியாது. வரிசைப் பக்கம் திரும்பி, "இவளுக்கு நன்றி சொல்றார். எப்படித் தானே சொல்லிக்குவா?" என்று சொல்லிவிட்டு, மகளைப் பார்த்து, "இப்ப நீ பேசு. உன் பேச்சை" என்றார்.

அவள் விளக்கு வெளிச்சத்திலிருந்து ஒரு எட்டு நகர்ந்து நின்றாள், அது தன் பேச்சு என்று தெரிவதற்காக. வாயால் சொல்லிக்கொண்டே கையாலும் சொன்னாள். இரண்டும் சேர்ந்து வராது, இலக்கணம் இடிக்கும் என்று மற்றவர்களுக்குப் பாடம் எடுக்கிறவள் அவள். அன்றைக்கு இலக்கணத்தை யார் பார்த்தார்கள்?

"நான்தான் பேசறேன். என்னைக் கூப்பிட்டதுக்கு நன்றி. ராட்டினக்கார அண்ணனுக்கு நன்றி, அவர் கோவிச்சுக்கிட்டுப் போகலேன்னா எனக்கு இது புரிஞ்சிருக்காது. சாருக்கு நன்றி, அவர் சுத்திச் சுத்தி வந்து இறங்கினார்." சிரிப்பு. "இவ்ளோ நாள் என் கை நல்லதைச் சொன்னதே இல்லைன்னு நினைச்சிட்டிருந்தேன். நல்லதும் சொல்லும்கறதே எனக்குத் தெரியாது. அப்பா, நீங்க கத்துக் குடுத்த கைதான் இது. உங்களுக்கும் அம்மாவுக்கும் நன்றி." போதும் என்று நிறுத்திக்கொண்டாள்.

வெளியே வராந்தாவில் ஒரு சின்னக் கூட்டம் கூடியது. விரிவுரையாளருக்குச் சைகைப் பெயர் வைக்க வேண்டும் என்று முடிவாகியிருந்தது. கேட்கும் மனிதருக்குச் சங்கம் பெயர் வைப்பது சுலபத்தில் நடக்காது. நடந்துகொண்டே இருப்பவர் என்று ஒருவர் சொன்னார். மூக்குக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு சுற்றியவர் என்றார் ராட்டினக்காரர், அதைத் தத்ரூபமாக நடித்தும் காட்டினார். கடைசியில் அப்பா சொன்னதே நிலைத்தது. தோளைத் தூக்கி, உள்ளங்கை இரண்டையும் விரிப்பது.

"என்ன பேரு மேடம்? என்ன அர்த்தம்?" என்று விரிவுரையாளர் ஆவலோடு கேட்டார்.

"தெரியாது, சார்."

"உங்களுக்கே தெரியாதா?"

"இல்ல சார், உங்க பேரே 'தெரியாது'தான்."

அவர் அரை நிமிஷம் விழித்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தெரியாததைத் தெரியாது என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொன்ன முதல் படித்த மனிதர் என்பதால் வைத்த பெயர் அது என்று அவள் விளக்கியபோது சிரிப்பு நின்று, அவர் ஒவ்வொருவராகக் கைகுலுக்கினார்.

அதற்குப் பிறகு மையத்தில் ஒவ்வொரு தொடருக்கும் ஒரு மேசை விளக்கும் மொழிபெயர்ப்பாளரும் நிரந்தரமாயின. கடலைப் பற்றி ஒன்று நடந்தது, எறும்புகளைப் பற்றி ஒன்று. விரிவுரையாளர் தன் வகுப்புகளில் கரும்பொருள் என்று சொன்ன கையோடு, "பேரைப் பார்த்து ஏமாறாதீங்க, வெளிச்சம் அதுக்குள்ள புகுந்து போகும்" என்று சேர்த்துச் சொல்கிறாராம். ராட்டினக்காரரின் சைகை சங்கங்களின் காணொளிகள் வழியே வெளியூர்களுக்குப் போய்விட்டது. ஒரு கூட்டத்தில் முன்பின் தெரியாத ஒரு பெண் அதை வேகமாக, பாதியாகக் குறுக்கிப் போட்டதைப் பார்த்துவிட்டு ராட்டினக்காரர், "இழுப்பை முழுங்கிட்டா பாரு!" என்று குறைப்பட்டுக்கொண்டார். முகத்தில் குறை எதுவும் தெரியவில்லை.

மச்சக்காரி இன்றும் ஆஸ்பத்திரிக்கும் நீதிமன்றத்துக்கும் போகிறாள். கெட்ட செய்திகள் குறைந்துவிடவில்லை. அவற்றைச் சொல்ல ஒருவர் வேண்டும், அது தானாக இருப்பதில் அவளுக்கு இப்போது வருத்தம் இல்லை. நாற்காலிகளில் முடிவுக்காகக் காத்திருக்கும்போது யாராவது பயந்துபோய், "ஏதாவது பேசேன்" என்றால், பேச அவளிடம் விஷயம் இருக்கிறது.

அந்தக் கடைசிச் சனிக்கிழமை வீட்டுக்குத் திரும்பும் வழியில் அப்பா பேருந்து நிறுத்தத்தில் கேட்டார்: "அது நம்ம கடைக்குள்ளயும் இருக்குமா?"

"இருக்குமாம்பா. நம்ம உடம்பு வழியாவும் இப்ப போயிட்டே இருக்கலாமாம். நமக்குத் தெரியாதாம்."

அப்பா தன் கையை வெயிலில் நீட்டி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "அளவெடுக்க முடியாதுன்னு சொல்லு" என்றார். பேருந்து வந்தது. ஏறி, ஒருவர் கையை ஒருவர் பார்க்க வசதியாக எதிரெதிர் இருக்கைகளில் உட்கார்ந்துகொண்டு, இறங்கும் வரை பேசிக்கொண்டே போனார்கள்.